சிப்பாயைக் கட்டிவைத்த ஒன்பது நாள்

தாமோதரன் நாய் பார்த்த அழகுக்கு, அவர் பெண் பார்த்தது எவ்வளவோ தேவலை. சங்கரியை அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு, கேசரி நன்றாக இருக்கிறது என்று சொல்லி எழுந்து போன மனுஷன், நாய்க்கு மட்டும் முழுசாக இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். அணுமின் பிளான்ட்டில் வேலை. அங்கே ஒரு வால்வைத் திறப்பதென்றால்கூட ஒரு தாள், தாளில் பத்துக் கேள்வி, ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒரு கையெழுத்து. பதினோரு வருஷம் அப்படியே பழகிப்போய், வீட்டில் காஸ் சிலிண்டர் மாற்றினாலும் சுவரில் ஒரு தாளைக் குத்தி, தேதி போட்டு, கையெழுத்தும் போடுவார். சங்கரி முதலில் சிரித்தாள், பிறகு சண்டை போட்டாள், பிறகு விட்டுவிட்டாள்.

இரண்டாவது நாய் வேண்டும் என்று கேட்டது சங்கரிதான். அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். அது தொண்ணூற்றேழாம் வருஷம். அணுபுரத்தில் மாடி வீட்டிலிருந்து தனி வீட்டுக்கு அவர்கள் மாறி மூன்று மாதம் ஆகியிருந்தது. பின்னால் தோட்டம், தோட்டத்துக்குப் பின்னால் கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் வெறும் புதர்க்காடு. தாமோதரனுக்கு ராத்திரி ஷிப்ட் விழுந்தால் வீட்டில் அவளும், மூன்றரை வயது சஹானாவும், ராணியும் மட்டும்தான். அடுத்த தெருவில் இரண்டு வீட்டில் பூட்டை உடைத்திருந்தார்கள். ராணியோ, யார் வந்தாலும் வாலை ஆட்டுகிற ஜென்மம். மீட்டர் பார்க்க வருபவருக்கு ஆட்டும், கீரைக்காரிக்கு ஆட்டும், திருடன் வந்தால் அவனுக்கும் ஆட்டி, கூட்டிக்கொண்டு போய் பீரோவைக் காட்டிக் கொடுக்கும். ஆனாலும் சங்கரிக்கு அதன்மேல் உயிர். கல்யாணமாகி அணுபுரத்துக்கு வந்த முதல் மழைக்காலத்தில், மாடிப்படியின் கீழே நடுங்கிக்கொண்டு நின்ற குட்டி அது. சஹானா பிறக்கிற வரைக்கும் அவள் பேசியதெல்லாம் ராணியிடம்தான்.

தாமோதரன் தாள் எடுத்தார். ராணி பெண், ஆகவே வருவது ஆணாக இருக்க வேண்டும். ராணிக்கு ஆறு வயது, ஆகவே வருவது இளசாக இருக்க வேண்டும், ஆனால் குட்டியாக இருக்கக் கூடாது, குட்டியின் சேட்டை ராணிக்குத் தாங்காது. உருவத்தில் ராணியைவிட ரொம்பப் பெரிதாகவும் இருக்கக் கூடாது. திருக்கழுக்குன்றத்தில் ஓர் அல்சேஷன் கலப்பைப் பார்த்தார்கள். ராணியைக் கண்டதும் அது பல்லைக் காட்டியது, தாளில் அதன்மேல் கோடு போட்டு அடித்துவிட்டார். சதுரங்கப்பட்டினத்தில் ஒன்று, ராணியைக் கண்டதும் சொந்தக்காரர் காலுக்கு நடுவில் போய் ஒளிந்துகொண்டது. அதையும் அடித்தார். மூன்றாவதைச் சொன்னது கன்னியம்மா.

கன்னியம்மா அவர்கள் வீட்டிலும், அந்தத் தெருவில் இன்னும் மூன்று வீட்டிலும் வேலை செய்கிறவள். சங்கரி வயதுதான் இருக்கும். நெரும்பூர் ரோட்டை ஒட்டிய காலனியில் வீடு. அவளுடைய அப்பா காலம்வரை அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர்கள். இப்போது தம்பி பூபாலன் பிளான்ட்டில் கான்ட்ராக்ட் வெல்டர். அவர்கள் வீட்டில் ஒரு வயதுக் கறுப்பு நாய் இருந்தது. நாலு காலிலும் பூட்ஸ் போட்டதுபோல வெள்ளை. பேர் சிப்பாய்.

"தங்கமான நாய்மா. அசலூர்க்காரன் தெருவுல காலு வெச்சா கொலைச்சே தொரத்திடும். ஆனா எங்க வூட்டுப் பசங்க அஞ்சும் வாலப் புடிச்சி இஸ்துகினு கெடக்கும், ஒண்ணுத்த ஒரு கீறல் கீறுனதில்ல" என்றாள் கன்னியம்மா.

இரண்டு நாய்க்கும் சொந்தமில்லாத இடத்தில்தான் முதல் சந்திப்பு நடக்க வேண்டும் என்று தாமோதரன் தாளில் இருந்தது. தண்ணீர்த் தொட்டி மைதானத்தில் ராணியை அவர் பிடித்துக்கொண்டார், சிப்பாயைப் பூபாலன் பிடித்துக்கொண்டான். இருபதடி தள்ளி நடந்தார்கள், பிறகு பத்தடி, பிறகு பக்கத்தில் பக்கத்தில்.

"இன்னா சார், ரெண்டையும் போலீசுக்கா அனுப்பப் போறீங்க, கவாத்து உடறீங்க" என்று கன்னியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நாலு ஞாயிற்றுக்கிழமை இப்படியே நடந்தது. நாலாவது வாரம் இரண்டும் முகர்ந்து பார்த்து, சேர்ந்து ஓடின. தாமோதரன் சிப்பாயின் காது, தோல், பல் எல்லாம் சோதித்து எழுதினார். பல்: மேல் இடது கோரைப்பல் பாதி உடைந்தது, பாதகமில்லை. எதிரே கையெழுத்து.

அந்தத் தாளில் எல்லாம் இருந்தது. தட்டுகூடத் தனித்தனி என்று போட்டிருந்தார். சஹானா மட்டும் இல்லை.

சிப்பாய் வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் மட்டன். எலும்பைப் பங்கு போட்டு, ராணியின் தட்டைப் பின்வாசல் படியிலும், சிப்பாயின் தட்டை முருங்கை மரத்தடியிலும் வைத்தார்கள். தாமோதரன் சிப்பாய்க்குச் சங்கிலி வாங்கப் புதுப்பட்டினம் போயிருந்தார். வீட்டின் பக்கவாட்டில், துணி துவைக்கிற கல்லில் கன்னியம்மா இருந்தாள். சங்கரி சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே சாதம் வடித்தாள். சஹானா படியில் இறங்கி, ராணியின் தட்டுக்குள் கையை விட்டு ஓர் எலும்பை எடுத்து, "இது சிப்பாய்க்கு" என்றாள்.

ராணி கடித்தது. உறுமல்கூட இல்லை. முன்னங்கையை ஒரு நொடி பிடித்து, விட்டு, தான் செய்தது தனக்கே தெரிந்ததுபோல உடம்பைக் குறுக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. சஹானா வீறிட்ட சத்தத்தில் முருங்கை மரத்தடியிலிருந்து சிப்பாய் பாய்ந்து வந்து குழந்தையின் பக்கத்தில் நின்றது. சங்கரி வெளியே ஓடி வந்தபோது படியில் ரத்தம், குழந்தை, கறுப்பு நாய். பக்கத்து வீட்டுத் திருவேங்கடம் கையில் ஓர் இரும்புக் குழாயோடு வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"எதும்மா? எது கடிச்சது?"

சங்கரிக்கு அந்தக் குழாய் மட்டும்தான் கண்ணில் பட்டது. மாடி வீட்டில் இருந்தபோது, தெரு நாய் ஒன்று பையனைக் கடித்துவிட்டதென்று நாலு பேர் சேர்ந்து கேட்டருகே வைத்து அடித்ததை அவள் மேலிருந்து பார்த்திருக்கிறாள். சீக்கிரம் சாகவில்லை அது. அந்தச் சத்தம் வெகுநாள் அவள் காதைவிட்டுப் போகவில்லை.

"புதுசு" என்று சொல்லி சிப்பாயைக் கை காட்டினாள்.

ஒரு வார்த்தைதான். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது பொய் என்பதே அவளுக்கு உறைத்தது. அதற்குள் குழாய் ஒரு தரம் இறங்கிவிட்டது. கன்னியம்மா ஈரக் கையோடு ஓடிவந்து நாயின்மேல் கவிழ்ந்துகொண்டாள். "வோணாம் சார், வோணாம் சார், வாயில்லாத சீவன் சார்" என்று அவள் கும்பிட்டுக்கொண்டே இருக்கும்போது தாமோதரனின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவர் குழந்தையைத் தூக்க, கன்னியம்மா தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், துணி சோப்பைப் போட்டு அந்தக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நாலு பல் பதிந்திருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் லதா நிதானமானவர். "ஊசி இன்னைக்கே ஆரம்பிக்கிறோம். மொத்தம் அஞ்சு. இன்னைக்கு, மூணாம் நாள், ஏழாம் நாள், அப்புறம் ரெண்டு. கடிச்ச நாயை யாரும் அடிக்கக் கூடாது. கட்டி வெச்சுப் பத்து நாள் பாருங்க. சாப்பிடுதா, தண்ணி குடிக்குதா, எச்சில் ஒழுகுதா, இருட்டுல போய் ஒளியுதான்னு பாருங்க. பத்து நாள் நல்லா இருந்தா, மீதி ரெண்டு ஊசி தேவைப்படாது. மருந்து மெட்ராஸ்லேருந்து அளந்துதான் வருது. ஆனா நாய் செத்தாலோ, காணாமப் போனாலோ, அந்த நிமிஷமே எங்கிட்ட வரணும்."

ராணிக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று தாமோதரன் ஸ்கூட்டரில் வரும்போது கேட்டார். "ம்" என்றாள் சங்கரி. போடவில்லை. முகாம் நடந்த வாரம் அவள் ஆற்காட்டில் அம்மா வீட்டில் இருந்தாள். அதுமட்டுமா? பதினைந்து நாளைக்கு முன்னால் வேலிக்கு வெளியே ஒரு சொறிநாயோடு ராணி புரண்டு, காது கிழிந்து வந்தது. மஞ்சள் வைத்துக் கட்டியவள் அவள்தான். திட்டுவாரே என்று அவரிடம் சொல்லாமல் மறைத்தவளும் அவள்தான். அந்தச் சொறிநாய்க்கு வெறி பிடித்திருந்தால் என்று இப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் சஹானா அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டு, "ராணி ஆம் பண்ணிச்சு" என்றாள்.

"ராணி பக்கத்துல இருந்துச்சுல்ல, அதான் சொல்றா" என்றாள் சங்கரி.

முதல் பொய் பயத்தில் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த இரண்டாவதற்கு என்ன சமாதானம் சொல்வது? நிறுத்தி, யோசித்து, பெற்ற பெண்ணின் வாயையே அடைத்தாள். சொல்லிவிட்டால் திருவேங்கடம் வருவார், குழாய் வரும், ராணி போய்விடும். சொல்லாவிட்டால்? பத்து நாளும் தான் மட்டும் ராணியைக் கவனித்துக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது, ஏதாவது தெரிந்தால் அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள்.

தாமோதரன் சுவரில் புதுத் தாளைக் குத்தினார். தலைப்பு: சிப்பாய், கண்காணிப்பு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் சாப்பாடு, தண்ணீர், எச்சில், குரல், நடை. அவர் ஷிப்டில் இருக்கும்போது கையெழுத்து சங்கரியுடையது. முருங்கை மரத்தில் கட்டிய சிப்பாய், அடிபட்ட முதுகைக் கோணலாக வைத்துக்கொண்டு, அவள் தட்டை வைத்தால் வாலை ஆட்டிச் சாப்பிட்டது. சாப்பிட்டது, குடித்தது, நன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து ராணியைப் பார்ப்பாள்.

மூன்று நாள் ராணி மெதுவாக மென்றாலும் சாப்பிட்டது, மற்றபடி சாதாரணமாக இருந்தது. மூன்றாம் நாள் ஊசியும் போட்டாயிற்று. நாலாம் நாள் ராணி சாப்பிடவில்லை.

பாலைக் காட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டது. தண்ணீர்க் கிண்ணத்தை மூக்கருகே நீட்டினாள், நாக்கை நீட்டி உடனே இழுத்துக்கொண்டது. வாயோரத்தில் எச்சில் நூலாகத் தொங்கியது. பின்னறைக்குப் போய் அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில், இருட்டான இடமாகப் பார்த்துச் சுருண்டுகொண்டது. டாக்டர் சொன்னதில் ஒன்று விடாமல் எல்லாம் அங்கே நடந்துகொண்டிருந்தது. சங்கரி கதவைச் சாத்திவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முன்னறையில் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள், கையில் கட்டோடு. இப்போதே எழுந்துபோய்ச் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். எழுந்திருக்கவில்லை.

கன்னியம்மா அந்த வாரம் ஒரு நாள்கூட நிற்காமல் வந்தாள். முதலில் முருங்கை மரத்தடிக்குப் போய் நாயின் முதுகைத் தடவிவிட்டு, பிறகுதான் துடைப்பத்தைத் தொடுவாள்.

"திருவேங்கடம் சார் வூட்ல இனிமே வர வோணாம்னுட்டாங்கம்மா. கடைசி வூட்டு அம்மாவும் நிறுத்திட்டாங்க" என்றாள் ஐந்தாம் நாள்.

"ஏன்?"

"காலனி நாயக் கொண்டாந்து கொயந்தயக் கடிக்க உட்டுட்டாளாம். அப்டிதான் பேச்சு கீது."

சங்கரி வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தாள். ஏதாவது சொல்லியிருக்கலாம். "நான் பேசிப் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். கன்னியம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னறையைப் பெருக்கப் போனாள். ராணி இருந்த அறை அது. சங்கரிக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஆனால் எப்படி வேண்டாம் என்று சொல்வது?

"இது இன்னாம்மா, சுருண்டுகினு கெடக்குது?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"புது நாய் வந்துச்சுல்ல, அதான் கோபம்." தாமோதரனிடமும் அவள் இதையேதான் சொல்லியிருந்தாள்.

"அப்டியா?" என்றாள் கன்னியம்மா.

ஏழாம் நாள், மறுபடி ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது ஊசி. தாமோதரன் அந்தத் தாளையே மடித்து எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் நீட்டினார். லதா அதைப் படித்துச் சிரித்தேவிட்டார். "இவ்வளவு அழகா யாரும் நாயைப் பாத்துக்கிட்டதில்லை சார். புதன்கிழமையோட பத்து நாள். அதுவரைக்கும் இப்படியே இருந்தா, அதோட நிறுத்திடலாம்."

நிறுத்திடலாம். நல்ல நாயைப் பார்த்து, நல்ல நாய் என்று எழுதி, அதை நம்பி இந்தக் குழந்தையின் ஊசியை நிறுத்தப் போகிறார்கள். உள்ளே இருட்டில் எச்சில் ஒழுக ஒன்று படுத்திருக்கிறது. சங்கரி டாக்டரின் முகத்தையே பார்த்தாள், வாயைத் திறந்தாள். "தண்ணி இருக்கா" என்று கேட்டாள், கொடுத்தார்கள், குடித்தாள். இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்று மனசு சொன்னது. பாவி மனசு.

திங்கட்கிழமை தாமோதரன் காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். பதினோரு மணிக்குப் பாலோடு பின்னறைக் கதவைத் திறந்தால், அறை காலி. ஜன்னலின் கீழே கொசுவலைக் கம்பி கிழிந்து தொங்கியது.

சஹானாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் தெருத் தெருவாக ஓடினாள். செருப்பு எங்கே போயிற்றோ தெரியாது. ராணி, ராணி என்று கூப்பிடப் பயமாக இருந்தது. கூப்பிட்டு அது வந்துவிட்டால், எந்த மாதிரி வரும்? பார்க், ஸ்கூல் மதில், மார்க்கெட், தண்ணீர்த் தொட்டி மைதானம். ஸ்கூல் விட்டுப் பிள்ளைகள் கூட்டமாக ரோட்டில் வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கால்களையெல்லாம் பார்த்தபோதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. இத்தனை நாளும் தன் பெண்ணுக்காக மட்டும் பயந்துகொண்டிருந்தாள். இப்போது ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லோரும் வெளியே இருக்கிறார்கள், ராணியும் வெளியே இருக்கிறது.

மூன்றரை மணிக்கு ஷிப்ட் பஸ் வந்தது. டிபன் பாக்ஸும் கையுமாகத் தாமோதரன் இறங்கினார். வெறுங்காலோடு, குழந்தையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றவளைப் பார்த்து, "சிப்பாய்க்கு என்ன ஆச்சு?" என்றார்.

"சிப்பாய் கடிக்கலைங்க. கடிச்சது ராணி. நான் பாத்தேன். ராணிக்கு ஊசியும் போடலை. நாலு நாளாச் சாப்பிடலை, எச்சில் ஒழுகுது. இப்பக் காணோம்."

அத்தனையும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. பக்கத்தில் இறங்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாமோதரன் குழந்தையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போய் ஸ்கூட்டரை எடுக்கும்போது, சுவரிலிருந்த தாளைப் பிய்த்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதில் முக்கால்வாசிக் கையெழுத்து அவளுடையது.

டாக்டர் லதா கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். "இதைச் சொல்லாமலே புதன்கிழமை வந்திருந்தா, நான் ஊசியை நிறுத்தியிருப்பேன். உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியும் டாக்டர்."

"அஞ்சு ஊசியும் போட்டாகணும். ஒரு நாள் தவறக் கூடாது. அந்த நாய் கிடைக்கணும், உயிரோடவோ எப்படியோ. வேற யாரையும் கடிச்சிருந்தா எனக்குத் தெரியணும்."

இருட்டும்வரை தேடினார்கள். கிடைக்கவில்லை. சஹானா மட்டும் தூக்கத்துக்கு முன்னால் ராணி எங்கே என்று கேட்டாள், கொஞ்சம் அழுதாள், தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கேட் சத்தம் கேட்டது. கன்னியம்மா நின்றாள். கையில் கயிறு, கயிற்றின் நுனியில் ராணி. சங்கரியைக் கண்டதும் அது வாலை ஆட்டியது.

"கிட்ட வராத கன்னியம்மா, அதை விட்டுடு, அதுக்கு..."

"அதுக்கு ஒண்ணியும் இல்ல. நேத்து மத்தியானம் எங்க வூட்டாண்ட வந்து நின்னுச்சி. சிப்பாய் வாசம் புடிச்சிகினு வந்துதோ இன்னாவோ. கடவாப்பல்லுல எலும்புத் துண்டு குறுக்கால மாட்டிகினு இருந்துது. ஈறெல்லாம் புண்ணு. பூபாலன்தான் கைய உட்டு எடுத்தான். எடுத்ததும் ஒரு சட்டி கஞ்சி குடிச்சிது."

சங்கரி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எலும்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கையால் போட்ட எலும்பு. உடனே அடுத்தது உறைத்தது. "பூபாலன் வெறுங்கையையா விட்டான்? ராணிதான் கடிச்சதுன்னு அவனுக்குத் தெரியாதே."

"அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

தாமோதரன் உள்ளேயிருந்து வந்து நின்றார்.

"சிப்பாய்க்கு மேல்பல்லு ஒடஞ்சி கீதும்மா. சாரே பாத்து எயுதுனாரே. கொயந்த கையக் கழுவறப்போ நாலு பல்லும் பளிச்சினு பதிஞ்சிருந்துது. அன்னிக்கே தெரியும்."

"ஏன் சொல்லலை?" என்று கேட்டார் தாமோதரன். அவருடைய கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது.

"நான் சொன்னா யாரு சார் நம்பப் போறாங்க? எங்க நாயக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னுவாங்க. அம்மா பாத்தாங்க. அம்மாவே சொல்லுவாங்க, இன்னிக்கிச் சொல்லுவாங்க, நாளைக்கிச் சொல்லுவாங்கன்னு பாத்துகினே இருந்தேன். ரெண்டு வூட்டு வேல போச்சி. நேத்து ராணி வந்ததும் சொல்லி அனுப்பியிருக்கலாம், பூபாலன் ராத்திரி ஷிப்ட் பஸ்ல இந்தப் பக்கமாதான் போனான். மனசு வரல. நீங்களும் ஒரு ராத்திரி பயந்துகினு கெடங்கன்னு உட்டுட்டேன்."

கன்னியம்மா ராணியின் கயிற்றைச் சங்கரி கையில் கொடுத்துவிட்டு, பின்பக்கம் போனாள். சங்கிலி அவிழும் சத்தம் கேட்டது. சிப்பாய் ஒன்பது நாளைக்குப் பிறகு உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு வந்தது. ராணியும் அதுவும் மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்துகொண்டன. தாமோதரன் நாலு வாரம் நடந்தது வீண்போகவில்லை, இரண்டுக்கும் நன்றாகத்தான் ஒத்துப்போயிற்று.

"சிப்பாய் இங்கயே இருக்கட்டும் கன்னியம்மா. நாங்க நல்லாப் பாத்துக்குவோம்" என்றாள் சங்கரி.

"இல்லம்மா. ரெண்டு நாயும் ஒத்துப்போவுமான்னு அவ்ளோ பாத்தீங்க. இந்த வூடு அதுக்கு ஒத்துவராது." கேட்டருகே போய்த் திரும்பினாள். "நாளைக்கி வேலைக்கி நான் வரேன். அது வராது."

சங்கரி வெகுநேரம் உட்காரவில்லை. எழுந்து, முகத்தைக் கழுவி, ராணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். திருவேங்கடம் வீட்டு வராந்தா மூலையில் அந்தக் குழாய் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். பெல்லை அழுத்தினாள். அவரும் அவர் மனைவியும் வந்தார்கள். ஒன்பது நாள் மறைத்ததைச் சொன்னாள். கடித்தது இதுதான், நான் பார்த்தேன், பொய் சொன்னேன், கன்னியம்மாமேல் தப்பில்லை.

அவர் குழாயை எடுப்பார் என்று எதிர்பார்த்து, ராணியைக் காலோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

"ராணியா? இதுவா கடிச்சது?" என்று திருவேங்கடம் சிரித்தார். "பழகின நாயாச்சே, ஏதோ சாப்பிடறப்போ கை வெச்சிருக்கும் பாப்பா. விடும்மா. இதுக்கா இப்படி நடுங்கறே?"

அவர் மனைவி மட்டும் கொஞ்சம் முகம் சுருங்கினாள். "அய்யோ, கன்னியம்மாவை நிறுத்திட்டோமே. வேற ஆளுக்கு அட்வான்ஸ்கூடக் குடுத்தாச்சு" என்றாள்.

திருவேங்கடம் குனிந்து ராணியின் தலையைத் தட்டிக் கொடுத்தார். அது அவருக்கும் வாலை ஆட்டியது.